மேசைக்கு அடியில் கதாநாயகன்

இதனால் சகலருக்கும் அறியத்தருவது என்னவென்றால், தமிழ் நாவல் தன் சிகரத்தைத் தொட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையில், கனடாவின் ஸ்காபரோவில், பலசரக்குக் கடைக்கு மேலிருந்த மண்டபத்தில், என் கதாநாயகன் மேசைக்கு அடியில் இருந்தான், தோளில் நான் போர்த்திய பொன்னாடை, இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருக்கிறான், சபை எழுந்து நிற்கிறது, யாரோ விம்முகிறார்கள், நான் மட்டும் அவன் கண்ணைப் பார்க்கிறேன், அதில் பயம் இல்லை, சரிதானே அத்தான் என்று கேட்கிற பார்வை.

யோகேஸ் என் மனைவி மஞ்சுளாவின் தம்பி, போருக்குள் இருந்து வந்தவன், அவனை வைத்துத்தான் நாவல் எழுதினேன், நாவலில் வருபவன் போருக்குப் பிறகு சிரிப்பதே இல்லை, சத்தம் கேட்டால் மேசைக்கு அடியில் போய்விடுவான், யோகேஸோ சிரிப்பை நிறுத்தினால்தான் செய்தி, சீட்டாட்டத்தில் கள்ளம் பண்ணுவான், சீனவெடிக்குத் திரி கொளுத்துவதும் அவன்தான், இதைப் போய் எப்படி எழுதுவது, எனக்கு அவன்மேல் கொஞ்சம் கோபம்கூட இருந்தது, இவ்வளவு பட்டும் ஒரு நாவலுக்கு உதவாமல் வந்து நிற்கிறானே என்று, பிறகு விமர்சகர் குலநாயகம் எழுதினார், பாத்திரம் நம்பும்படியாக இல்லை என்று, அந்த ஒரு வரியை நான் தூக்கத்திலும் படித்தேன், ஆகவே அறிமுக விழாவுக்கு சாட்சியையே கூட்டிக்கொண்டு போனேன், மேடையில் சும்மா இரு, சிரிக்காதே என்றேன், ஏன் அத்தான், பல்லுக்கும் தடையோ என்றான், குலநாயகம் பேசிக்கொண்டிருக்கும்போது ஒலிவாங்கி கீச்சிட்டது, முழுச் சபையும் அவனைத் திரும்பிப் பார்த்தது, அவன் என்னைப் பார்த்தான், என் முகத்தில் என்ன கண்டானோ, நான் கெஞ்சினேனோ, மெல்லச் சரிந்து மேசைக்கு அடியில் போனான், குலநாயகம் குனிந்து அவன் கையைப் பிடித்து, மன்னிச்சுக்கொள்ளும் தம்பி, இப்ப நம்புறன் என்றார், நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், எழுத்தாளன் கலங்குவதற்கு அதுதான் முறை.

காரில் வரும்போது, என்ன அத்தான், காதைப் பொத்தினது கூடிப்போச்சோ என்று சிரித்தான், வீட்டில் மஞ்சுளா சோறு போடுகிறாள், அவன் வெறுந்தட்டோடு நிற்கிறான், எல்லாரும் எடுத்தாச்சோ அக்கா என்று கேட்டபடி, எங்கள் கல்யாணப் பந்தியில் முதல் ஆளாய் உட்கார்ந்து பொரியலை அள்ளியவன், இங்கே வந்த நாளில் இருந்து எல்லோரும் கைகழுவும்வரை தட்டில் ஒரு பருக்கை வைப்பதில்லை, கஞ்சிக்கு வரிசையில் நின்ற போரின் கடைசி மாதங்களில், இவனுக்கு ஊற்றியதோடு கஞ்சி முடிந்துபோன ஒரு நாள் இருந்ததாம், பின்னால் நின்றது யார் என்று ஒருமுறை கேட்டேன், விடுங்கோ அத்தான், குழம்பு ஆறுது என்றான், இதை நான் எழுதியும் இருந்தேன், பிறகு நானே வெட்டினேன், போருக்குள் இருந்து வந்தவன் கடைசியாகச் சாப்பிடுகிறான், அவ்வளவுதானா, யார் நம்புவார்கள் என்று.

இப்போதெல்லாம் மேசைக்கு அடியில் இருப்பது நான், காதைப் பொத்தியிருப்பதும் நான், கனவுதான், ஆனாலும் முழங்கால் வலிக்கிறது, மேலே தட்டுகள் உரசுகிற சத்தம், எல்லாரும் எடுத்தாச்சோ, எல்லாரும் எடுத்தாச்சோ என்று அவன் கேட்டுக்கொண்டே போகிறான், அத்தான் எங்க, அத்தான் இன்னும் எடுக்கேல்லையே என்கிறான், தட்டை வைத்துக்கொண்டு நிற்கிறான், நான் காதை இன்னும் இறுக்கிப் பொத்துகிறேன்.

இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. அட்டையில், மேசைக்கு அடியில் யோகேஸின் படம்.