மாதம் தவறாத ரசீது

பேட்மிண்டன் கிளப்பின் கணக்கு நோட்டை மருந்துக்கடை அக்கா மடியிலேயே வைத்திருந்தாள். சம்பளமில்லாத பொருளாளர் வேலை, ஆறு வருஷமாக அவள் தலையில்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆட்டம் முடிந்து, வலைக்குப் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அரங்கத்துக்காரர் வாடகைய ஏத்துறாராம். மூணு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தா அதுக்கு மேல ஏத்த மாட்டாராம்" என்றார் தலைவர், பல் டாக்டர். "நமக்கென்ன பயம்? மாசாமாசம் சந்தா ஒழுங்கா வருது. ஒருத்தர் பாக்கி இல்ல. அக்கா கணக்குன்னா சும்மாவா!"

எல்லாரும் கைதட்டினார்கள்.

பாக்கி இல்லையாம்! பதினோரு பேர் ஒரு வருஷமாகக் கட்டவே இல்லை. வேலை போனவர், ஆஸ்பத்திரிச் செலவில் மாட்டிக்கொண்டவள்... எந்த முகத்தோடு கேட்பது என்று, மகராசி அக்கா தன் பணத்தைப் போட்டு வரவு எழுதி, அவர்களுக்கு ரசீதும் அனுப்பிக்கொண்டிருந்தாள். இப்போது கடையே படுத்துவிட்டது. இனி ஒரு மாதம்கூட அவளால் முடியாது. இந்தக் கணக்கை நம்பிக் கையெழுத்துப் போட்டால் கிளப்பும் போகும், மூன்று வருஷ வாடகையும் எல்லார் கழுத்திலும் விழும்.

டாக்டர் பேனாவைத் திறந்தார்.

"போடாதீங்க டாக்டர்! கணக்கு பொய்."

எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவமானத்தில் காது சுட்டது.

"யாருக்கா அந்தப் பதினோரு பேர்? பேரைப் படிங்க!" என்று எகிறினார் பின்வரிசையிலிருந்த டிராவல்ஸ்காரர்.

நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "மாட்டேன். வேணும்னா என்னைத் தூக்கிடுங்க."

பெயிண்டர் மெதுவாக எழுந்தார். "நான் ஒருத்தன்க்கா. ரசீது வந்தப்ப நீங்க ஏதோ தப்பா எழுதிட்டீங்கன்னு நினைச்சேன். சொன்னா கட்டணுமேன்னு வாய மூடிக்கிட்டேன். உங்க காசுன்னு சத்தியமா தெரியாது."

நர்ஸ் எழுந்தாள். "நானும் அப்படித்தான் நினைச்சேன்." பிறகு இன்னொருவர், இன்னொருவர். ஆளாளுக்கு அவள் தப்புக் கணக்கு எழுதியதாக நினைத்து ஒரு வருஷம் கமுக்கமாக இருந்திருக்கிறார்கள்!

டாக்டர் பேனாவை மூடினார். "மூணு வருஷம் வேணாம். முடிஞ்ச வரைக்கும் மாசாமாசம் பாப்போம்."

அவள் எண்ணிப் பார்த்தாள். பத்து பேர் நின்றார்கள். டிராவல்ஸ்காரர் மட்டும் குனிந்து, கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானாக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"அவ்வளவுதான்" என்று நோட்டைப் பைக்குள் வைத்தாள்.