குளிர்ந்த கை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று அது ஏசி மேல் வந்தது. ரிமோட் கெட்டுப்போய், அறை உறைந்துகொண்டிருந்தது. புகார் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

நரம்புக்கு லேசாகக் கரண்ட் கொடுத்து, தசை எப்படித் துடிக்கிறது என்று திரையில் பார்ப்பது என் வேலை. பதினேழு வருஷ சர்வீஸ்.

அன்று வந்தவர் முடிதிருத்துபவர். நாலு பேருக்கு வெட்டுவதற்குள் இமை தொங்கும், கத்தரி நழுவும். வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. கூட வந்த மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாளாம். முன்பு பார்த்த டாக்டர்கள், எல்லாம் மனசுதான் என்று அனுப்பிவிட்டார்கள். இந்த டெஸ்டிலும் ஒன்றும் தெரியாவிட்டால் கடையை மூடிவிடுவது என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள்.

எண்ணெய்ப் பசை போகக் கையைக் கழுவச் சொன்னேன். தொழில் பழக்கம் விடுமா? மனுஷர் பச்சைத் தண்ணீரில் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார். கரண்ட் கொடுத்தேன். அடுத்தடுத்துப் பத்துத் துடிப்பு, பத்தும் ஒரே உயரம். தசை சீக்கிரம் சோர்ந்துபோகிற நோய் இருந்தால் நாலாவதற்குள் உயரம் குறைய வேண்டும். குறையவில்லை என்றேன். மனைவியின் முகம் செத்துவிட்டது. அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

ஒயரைக் கழற்றும்போதுதான் அவர் கை என் விரலில் பட்டது. ஐஸ். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை குளிர்ந்தால் இந்த நோய் ஒளிந்துகொள்ளும். முதலில் கையின் சூட்டை அளக்க வேண்டும். ஏசியைத் திட்டுகிற மும்முரத்தில் அதைக் கோட்டை விட்டிருந்தேன்.

என் தப்பை அவர்களிடம் சொல்லிவிட்டு, ஏசியின் பிளக்கைப் பிடுங்கினேன். வெந்நீர்ப் பை வைத்தேன். போதாதென்று மனைவி தன் இரண்டு கையாலும் அவர் கையைப் பொத்திக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து மறுபடி கரண்ட்.

முதல் துடிப்பு உயரம். இரண்டாவது குறைவு. மூன்றாவது இன்னும் குறைவு. நாலாவது, முதலாவதில் முக்கால்கூட இல்லை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறை டாக்டர் ஓடிவந்தார். நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை, மனசுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, மாத்திரை இருக்கிறது, கடையை மூட வேண்டாம் என்றார். நோய் இருக்கிறது என்று கேட்டு இப்படிச் சிரித்தவர்களை நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

மனைவிக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. மறுபடி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானே உங்கள தூங்குமூஞ்சின்னு சொன்னேனே. என்னை என்ன பண்ணாத் தகும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். கையை மட்டும் விடாதே, இன்னும் சூடு ஏறல."

சூடு எப்போதோ ஏறியாயிற்று. டெஸ்டும் முடிந்தாயிற்று. வெளியே அடுத்தவர் காத்திருந்தார். நான் பாட்டுக்குக் கம்ப்யூட்டரை ஒப்புக்குத் தட்டிக்கொண்டிருந்தேன்.