அந்தோணியாருக்கு நாலு பேர்

எங்கள் வீட்டு ஹாலில் புனித அந்தோணியார் குடியிருக்கிறார். மூன்று வருடமாகிறது. கோப்பெங் பக்கத்தில் இருந்த எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனி வாங்கிச் சிற்றாலயத்தை இடித்தபோது, தோட்டத்து ஆள் லயனல் தலைமையில் நாலு பேர் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ஈப்போவில் இந்த நாலாவது மாடி வீட்டில் வைத்தார்கள். "ரெண்டு வாரந்தான்க்கா, அதுக்குள்ள வேற எடம் பாத்துடலாம்" என்றான் லயனல். அந்த இரண்டு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை.

எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததற்குக் காரணம் என் வீட்டுக்காரர் சில்வெஸ்டர். தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அந்தச் சிற்றாலயத்தைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். திருவிழாவில் சுரூபம் வைத்த பீடத்தைத் தூக்கும்போது முன்பக்கத்து வலது கழி அவருடையது. வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். தோட்டம் போன பிறகும் வருடா வருடம் ஜூன் மாதத்தில் டவுன் கோயிலுக்கு எங்கள் அந்தோணியாரையே கொண்டுபோனோம். அங்கே ஏற்கெனவே ஓர் அந்தோணியார் இருக்கிறார். ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு அவர் வேறு, இவர் வேறு.

போன அக்டோபரில் சில்வெஸ்டருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அடுத்த மாதமே எங்கள் புளோக்கின் லிஃப்ட்டும் படுத்துவிட்டது. கேட்டால் "அடுத்த வாரம்" என்கிறார்கள். பழுது என்று மலாயில் 'ரோசாக்' என எழுதிக் கதவில் ஒட்டிய காகிதமே இப்போது பழுப்பேறிக் கிழிந்துபோய்விட்டது.

டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் தனியார் ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து அவரைத் தூக்கி இறக்குவார்கள். அதற்கே கையில் இருப்பது கரைந்துவிடுகிறது. கோயிலுக்குப் போக ஆம்புலன்ஸ் கூப்பிட முடியுமா? ஆகவே என் மனிதர் எட்டு மாதமாகக் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

ஆனால் கோயில் ஆட்கள் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கத் தவறியதே இல்லை. செவ்வாய்க்கிழமை தோறும் நவநாள். பத்துப் பன்னிரண்டு பேர் நாலு மாடி ஏறி மூச்சு வாங்க வந்து உட்காருவார்கள். பாட்டு, ஜெபம், அப்புறம் என் கையால் தேத்தண்ணி. நவநாளுக்கு வரும் ஸ்டானிஸ்லாஸின் மகனுக்குப் பினாங்கில் வேலை கிடைத்தது இந்த அந்தோணியாரால்தான். லயனலின் தொலைந்துபோன லாரி சாவி கிடைத்ததும் இவரால்தான். எல்லோரும் சில்வெஸ்டர் படுத்திருக்கும் அறைக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணே, ஒங்களுக்காக ஜெபிச்சிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார்கள். நான் குவளைகளைக் கழுவுவேன். ஊருக்கெல்லாம் வாரி வழங்குகிறவர், சோறு போடாவிட்டாலும் இடம் கொடுத்த வீட்டை மட்டும் ஏன் மறந்தார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தோணியாரிடமே வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன்.

சில்வெஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கோயிலுக்குப் போவணும்."

"அதான் ஃபாதரு மாசாமாசம் வீட்டுக்கே நற்கருண கொண்டாந்து குடுக்குறாருல்ல" என்றேன்.

அவர் வெகு நேரம் வாயைக் கூட்டிச் சொன்னார். "ஆண்டவரு... வாராரு. சரி. நானும்... ஒரு தடவ போவணும்ல. மரியாத இருக்குல்ல."

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? ஆட்களைக் கேட்க ஆரம்பித்தேன். நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் பிடித்தால் போதும், கீழே சக்கர நாற்காலி இருக்கிறது, கோயிலுக்குக் காரில் பத்து நிமிடம். லயனலிடம் முதலில் கேட்டேன். அவன் லாரி ஓட்டுகிறவன், அரிசி மூட்டையை ஒற்றை ஆளாய் இறக்குவான். "தூக்குறது பெரிசில்லக்கா. வழுக்கி விழுந்து அண்ணனுக்கு ஏதாச்சும் ஆச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்றான். ஸ்டானிஸ்லாஸுக்கு முதுகு வலி. வேறு இரண்டு பேருக்கு ஞாயிற்றுக்கிழமைகூட வேலை. கோயிலில் மன்றாட்டு வாசிக்கிற ஜூடித், "ஏன்க்கா அவர சூசா படுத்துறீங்க, கஷ்டப்படுவாருல்ல? ஃபோன்ல பூசை பாக்கலாம்லா. நான் லிங்க் அனுப்பறேன்" என்றாள். அனுப்பியும் விட்டாள். அதில் ஃபாதரின் தலை தெரிந்தது, சத்தம் வரவில்லை.

கிறிஸ்துமஸ் போனது, தவசு காலம் போனது, பாஸ்காவும் போனது. ஒவ்வொரு தடவையும் "அடுத்த தடவ பாப்போம்க்கா". நான் கேட்டுக் கேட்டு என் குரலே எனக்குப் பிச்சைக்காரி குரல் மாதிரி கேட்க ஆரம்பித்தது.

ஜூன் மாதம் வந்தது. திருவிழா ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூசை. எட்டே காலுக்கு நாலு பேர் வந்து எங்கள் கிரில் கதவைத் தட்டினார்கள். லயனல், ஸ்டானிஸ்லாஸ், அவர்களோடு ஞாயிற்றுக்கிழமைகூட வேலை என்று சொன்ன அந்த இரண்டு பேர். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் புதுச் சட்டை, முதுகில் அந்தோணியார் படம். ஸ்டானிஸ்லாஸ் கையுறைகூடப் போட்டிருந்தான்.

"கேட்ட தொறங்கக்கா, டைம் ஆச்சு" என்றான் லயனல்.

நான் திறக்கவில்லை. "அந்தோணியாரு வருவாரு. மொதல்ல இவரு எறங்கட்டும்."

அவன் என் தோளுக்கு மேலே பார்த்தான். ஹாலில், சுரூபத்துக்குப் பக்கத்தில், சில்வெஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விடிவதற்கு முன்பே குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, இடுப்பில் போர்வையால் நாற்காலியோடு கட்டி வைத்திருந்தேன்.

"இப்பவா? கீழ பேண்டு வாத்தியக்காரங்க நிக்கிறாங்க. ஃபாதரு ரெண்டு தடவ ஃபோன் அடிச்சிட்டாரு."

"அப்ப சீக்கிரம் தூக்குங்க."

"சாமி காரியத்துல வெளாடாதீங்கக்கா" என்றான் ஸ்டானிஸ்லாஸ்.

"நான் வெளாடல. நீ சொல்லு, அந்தோணியாரத் தூக்குறப்ப ஒனக்கு முதுகு வலிக்காதா?"

"அது வேறக்கா. அது சாமி."

எனக்கு எங்கிருந்து அப்படி வந்ததோ தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து பார்க்கிற அளவுக்குக் கத்திவிட்டேன். "நாளைக்கு இவரு செத்தா நாலு பேரு வருவீங்கல்ல? பெட்டிய யாரு முன்னால புடிக்கிறதுன்னு சண்ட போடுவீங்கல்ல? அந்த நாலு பேரு இன்னிக்கே வாங்க. உசுரோட இருக்கறப்ப ஒரு தடவ தூக்கிப் பாருங்க. அப்புறம் ஒங்க சாமிய கொண்டு போங்க."

கீழே யாரோ ட்ரம்மைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து சில்வெஸ்டர், "கத்தாத... கத்தரின்" என்றார்.

லயனல் செருப்பைக் கழற்றினான். பூட்டைத் திறந்து விட்டேன்.

இறங்கிய முதல் படியிலேயே ஸ்டானிஸ்லாஸ் முனக ஆரம்பித்துவிட்டான். மூன்றாவது மாடித் திருப்பத்தில் நாற்காலியைக் கீழே வைத்து ஆளாளுக்கு வியர்வையைத் துடைத்தார்கள். புதுச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. எனக்குக் கொஞ்சங்கூடப் பாவமாக இல்லை. படியில் முன்பக்கம் சாய்ந்தபோது சில்வெஸ்டர் நல்ல கையால் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, "முன்னால... ஒசத்து. பின்னால குனி" என்றார். அந்தோணியாரை இறக்கும்போது அவர் சொல்கிற அதே வார்த்தைகள். பழக்கம் போகுமா?

இரண்டாவது மாடியில் அவர் கேட்டார். "பாரமா... இருக்கேனாடா?"

"இல்லண்ணே" என்றான் லயனல். மூச்சு இரைத்ததில் அது பாதிதான் வெளியே வந்தது.

"நான் அவர தூக்குனப்ப... எனக்கு பாரமே தெரிஞ்சதில்ல." குற்றம் சொல்கிற மாதிரி அவர் சொல்லவில்லை. தூக்குகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது. அதுதான் என்னை அறுத்தது. இவ்வளவு சண்டை போட்டு இறக்கிக்கொண்டு வருகிறேன், இவர் மன்னிப்புக் கேட்கிறார்.

கீழே என் அண்ணன் மகனின் காரில் ஏற்றினோம். அவர்கள் மறுபடி மேலே ஓடினார்கள், அந்தோணியாரைத் தூக்க.

நாங்கள் கோயிலுக்குள் நுழையும்போது முதல் வாசகம் முடிந்துவிட்டது. அந்தோணியாரும் எங்களுக்குப் பின்னால்தான் வந்தார், பவனி இல்லாமல், பக்கவாட்டுக் கதவு வழியாக. கட்டியிருந்த பூமாலை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. பெண்கள் வரிசையிலிருந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, திருவிழாவைக் கெடுத்தவள் என்று முகத்தில் எழுதி ஒட்டினாற்போல. பார்க்கட்டும். சக்கர நாற்காலியை நடுவழியில் தள்ளிக்கொண்டு போய், முன் வரிசைக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். சில்வெஸ்டர் பீடத்தைப் பார்த்தார். இடது கையால் சிலுவை போட்டுக்கொண்டார். நெற்றியிலிருந்து மார்புக்கு வர அந்தக் கைக்கு நேரம் பிடித்தது.

ஃபாதர் பிரசங்கத்தில் அந்தோணியார் ஏழைகளைத் தேடிப் போனதைச் சொன்னார். நன்றாகத்தான் சொன்னார். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. கோபம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் பக்கத்தில் இவர் உட்கார்ந்திருந்தார், கோயிலுக்குள், சட்டை கசங்காமல். எட்டு மாதத்தில் அன்றுதான் நான் முதுகை நேராக வைத்து உட்கார்ந்தேன்.

பிறகு மன்றாட்டு. ஜூடித் மேடைக்குப் போய்க் கைபேசியைத் திறந்தாள். வெள்ளிக்கிழமையே எழுதித் தயாராக வைத்துவிடுவாள், நல்ல குரல். திருச்சபைக்காக ஒன்று, நாட்டுக்காக ஒன்று. மூன்றாவதாக, தலையைத் தூக்காமலே வாசித்தாள்.

"நீண்ட நாளாக நோயுற்று, இன்று இந்தத் திருவிழாவில் நம்மோடு இருக்க இயலாத சகோதரர் சில்வெஸ்டருக்காக. அவருக்கு வேண்டிய உதவிகளை நல்ல உள்ளங்கள் வழியாக நீர் அளித்தருள வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

கோயில் முழுக்க ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. ஒருவரும் தடுமாறவில்லை. பின் வரிசையில் ஸ்டானிஸ்லாஸின் குரல்கூடத் தனியாகக் கேட்டது.

எழுந்து, இதோ இருக்கிறார், கண்ணைத் திறந்து பாருங்கள் என்று கத்திவிடலாம் என்று பெஞ்சைப் பிடித்தேன். சில்வெஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே, எல்லோரும் சொல்லி முடித்து அமைதியான பிறகு, அவர் மட்டும் சொன்னார்.

"ஆண்டவரே... எங்கள்... மன்றாட்ட..."

நாக்கு ஒத்துழைக்கவில்லை. ஆனால் நிறுத்தவில்லை. ஜூடித் தலையைத் தூக்கினாள், இவரைப் பார்த்தாள், கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டருளும்" என்று இவர் முடிக்கிறவரை ஒரு குழந்தைகூடச் சத்தம் போடவில்லை.

முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். கடமையைச் செய்துவிட்ட மாதிரி முகம்.

பூசை முடிந்ததும் இவரை மறுபடி நாலு மாடி ஏற்ற வேண்டும். நான் திரும்பி லயனலைத் தேடினேன். தூண் பக்கத்தில் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தான்.