அடியெடுத்துக் கொடுத்தவர்

மடிக்கணினியைக் கட்டிலோரம் நாற்காலியில் வைத்து, அப்பாவின் கண்ணுக்கு நேராகச் சாய்த்தாள் மிரெல்லா. இன்று பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். அப்பா ஒரெஸ்தேவுக்கும் அது தெரியும். தெரிந்துதான் அந்தப் படத்தைப் போடச் சொன்னார்.

பார்மா நகர அரங்கில், படம்பிடிப்பதற்காக, ஆளே இல்லாத நாற்காலிகளுக்கு முன்னால் ஒற்றைப் பெண் முக்கால் மணி நேரம் பாடும் ஓப்பரா. கைவிட்டுப் போன காதலனிடம் கெஞ்சுகிறாள். பாடுவது மிரெல்லாவின் அம்மா இலெயானா.

“குடும்பத்த விட்டுட்டுப் போனது இவ. இப்ப இவளே போனவன நெனச்சு அழறாளாம். நல்ல கூத்து!” பன்னிரண்டு வருஷத்து எரிச்சல் மிரெல்லாவுக்கு.

“பாட்டுல போய் நியாயம் கேக்காதடி,” என்றார் அப்பா. மூச்சு இழுத்தது.

மேடை விளிம்பில் ஒரு பெட்டிக்குள், தலை மட்டும் தெரிய உட்கார்ந்து, பாடகர்களுக்கு முப்பத்தோரு வருஷம் அடியெடுத்துக் கொடுத்தவர் அவர். ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் அரை நொடி முந்திச் சொல்ல வேண்டும். இதே ஓப்பராவை இலெயானா முதலில் பாடியபோதும் அவர்தான் பெட்டிக்குள் இருந்தார். இப்போதும் பாட்டுக்கு முன்னால் அவர் உதடு ஓடியது.

வாசல் மணி அடித்தது. மிரெல்லா சுவரில் இருந்த வாசல் பேசியை எடுத்தாள். அம்மாவின் குரல்.

“நான்தான். கீழ நிக்கிறேன். ஒரு நிமிஷம் அவர பாத்துட்டுப் போயிடறேன், மிரெல்லா.”

அப்பா தலையை ஆட்டினார். “வேணாம். இந்தக் கோலத்துல அவ என்னப் பாக்க வேணாம்.”

மிரெல்லாவுக்கு உள்ளே இனித்தது. இந்த வார்த்தையை அவள் மூஞ்சிக்கு நேரே சொல்லணும் என்று நினைத்துக்கொண்டு, பேசியை வைத்துவிட்டாள்.

மணி மறுபடி அடித்தது. படத்தில் பாட்டு சட்டென்று நின்றது. இலெயானாவுக்கு வரி மறந்துவிட்டது. அவள் கண் மேடை விளிம்புக்குத் தாழ்ந்து, அங்கே எதையோ தேடியது. பெட்டி இருந்த இடத்தில் பலகை அடித்துக் கேமராவை நிறுத்தியிருந்தார்கள்.

“வெளிச்சமே,” என்றார் அப்பா, அத்தனை நேரம் இல்லாத குரலில். படத்தில் அவள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

“எப்பவும் இந்த எடத்துலதான் தடுமாறுவா,” என்று சிரித்தார். கண் நனைந்திருந்தது.

“வரச் சொல்லட்டுமாப்பா?”

“வேணாங்கறேன்ல.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. உதடு மட்டும் ஓடியது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. மிரெல்லாவால் பொறுக்க முடியவில்லை. போய்க் கீழ்க் கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தினாள்.

நாலு மாடி. லிஃப்ட் கிடையாது. இலெயானா இளைக்க இளைக்க வந்து நின்றபோது அப்பாவின் உதடு நின்றிருந்தது. பாட்டு நிற்கவில்லை.

அவள் வாசலிலேயே புரிந்துகொண்டாள். நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னக் கேட்டாரா?”

சொல்ல வேண்டிய வார்த்தை மிரெல்லாவின் நாக்கு நுனியில் இருந்தது. அது அப்பாவே சொன்னதுதான்.

“கேட்டாரும்மா. உள்ள வா.”

இலெயானா கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். திரையில் அவள் குரல் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரெஸ்தேவின் சட்டை நெஞ்சு தெரியத் திறந்துகிடந்தது. கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்துப் பொத்தான் கையை விட்டு நழுவியது, மறுபடி போட்டாள்.