திருடன் பட்டமும் ஒரு கார்க்கஜூவும்

"ஒத்தை கார்க்கஜூய்யா. என் குடிசையையே காலி பண்ணிடுச்சு. துப்பாக்கி, கோடாலி, போர்வை, கெட்டில், தொங்கவிட்ட மான்தொடை, அத்தனையும். போறப்ப அடுப்புமேல குந்தி, 'இவ்வளவுதானா உன் சொத்து'ங்கிற மாதிரி என்னையக் கேவலமாப் பாத்துச்சு."

இசிடோர் இதைச் சொன்னதும் கனடாவின் அதபாஸ்கா ஆற்றங்கரைக் கடையில் எழுந்த சிரிப்பில் கூரைப்பனி பாதி சரிந்து வாசலை மூடிவிட்டது. ரோமத்தோலுக்காகப் பொறி வைத்து மிருகம் பிடிக்கும் பொறிக்காரர்கள் பனிக்காலத்தில் கூடுகிற கடை அது. கார்க்கஜூ என்பது மரநாய் வம்சம்தான். ஆனால் கரடியின் உடம்பு, ஏழு கரடியின் திமிர். தின்ன முடியாததன் மேல் மூத்திரம் பெய்துவிட்டுப் போகும் பிறவி.

சிரிக்காதவன் நார்சிஸ் ஒருவன்தான். இசிடோரின் மனைவிக்கு அண்ணன், பக்கத்துக் காட்டுப் பாதையில் பொறி வைப்பவன். அவன் பொறிகள், விழுந்திருந்த மரநாய்களோடும் சங்கிலியோடும் காணாமல் போயிருந்தன.

"கார்க்கஜூவுக்குத் துப்பாக்கி எதுக்கு மாப்ளே? முயல் சுடப் போகுதா? என் பொறியை எடுத்தவன், தன் வீட்டுலயும் திருட்டுன்னு கதை கட்டுறான்."

அந்தக் காட்டில் கொலைகாரனுக்குக்கூடத் தீயருகே இடமுண்டு; பொறி திருடியவனுக்குக் கிடையாது. பொறி வைக்கிற பாதை பறிபோகும். பிள்ளைகளிடம் யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள். இசிடோரின் மீசையில் உறைந்திருந்த பனி கோபச் சூட்டில் ஆவியாகிப் போயிற்று.

"யாரைத் திருடன்ங்குறே மச்சான்? உன் தங்கச்சி போட்ட சோத்தைத் தின்ன வாயாலயா சொல்றே? எந்திரி. வந்து கண்ணால பாரு."

இருவரோடும் நாய்வண்டி இசிடோரின் குடிசைப் பக்கம் கிளம்பியது. ஒரு மைலுக்கு முன்பே அடித்த மூத்திர நாற்றத்தில் நாய்கள் வரிசையாகத் தும்மின. குடிசையிலிருந்து போன கார்க்கஜூவின் தடம், சாய்ந்து கிடந்த ஒரு பெரிய மரத்தடியில் முடிந்தது. இசிடோர் பனியைத் தோண்டினான். கெட்டில் வந்தது. துப்பாக்கி வந்தது. அடியில் நார்சிஸின் பொறிகளும் சங்கிலியும் வந்தன.

நார்சிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நீயே பொதைச்சிருப்பே" என்றான்.

"மூத்திரமும் நானே பெய்ஞ்சேனா?"

"யாரு கண்டா."

இசிடோர் தோண்டிய பனியைக் காலால் எத்தினான். நாற்பது வருஷ நேர்மையை இப்படி மூத்திரத்தில் முக்கி எடுக்கிறானே.

நார்சிஸ் தோண்டிய குழிக்குள் இறங்கிப் பொறிகளைப் பொறுக்கினான். பனியில் புதையாமல் நடக்க உதவும் தோல்வலைச் செருப்புகளைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கறுத்த முதுகு சாவகாசமாக வந்தது. ஒரு செருப்பைக் கவ்வியது. மற்றதன் மேல் மூத்திரம் பெய்தது. அவன் கண்ணெதிரே, திரும்பிக்கூடப் பார்க்காமல், காட்டுக்குள் போயிற்று.

துரத்த ஓர் அடி வைத்த நார்சிஸ் இடுப்பளவு பனியில் புதைந்து நின்றான்.

"வண்டில ஏத்திக்க மாப்ளே. நீ திருடனில்லைன்னு ஒத்துக்கிறேன்."

"இங்க ஒத்துக்கிட்டா மரத்துக்குத்தான் கேக்கும். பேர் கெடுத்த எடத்துல சொல்றியா?"

சாயங்காலம் கடையில் எல்லோரும் மூக்கைப் பொத்தி நிற்க, நார்சிஸ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்: "என் மாப்ளே திருடனில்லை. அவன் சொன்னது அத்தனையும் நடந்துச்சு."