"நானும் வரலாமா?"

என்னிடம் பயிற்சிக்கு வரும் அந்தச் சின்னப் பெண் என் அறையில் ஒரு தவறும் செய்வதில்லை. ஒரு கை தூரம் தள்ளி நிற்பாள், முகத்தைப் பார்ப்பாள், "நானும் வரலாமா?" என்று தெளிவாகக் கேட்பாள். அதையே, அதே குரலில், மைதானத்தில் கேட்டால் மட்டும் "ஆள் ஃபுல்லு" என்று பதில் வந்தது. ஏழு மாதமாக இதே கதை. வகுப்பில் மற்றவர்களோடு பழகுவது எப்படி என்று சொல்லித் தருவதுதான் பள்ளியில் என் வேலை. பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'ஹலோ மிஸ்'. பழுது எங்கே என்று அந்த ஹலோ மிஸ்ஸுக்குப் பிடிபடவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை இடைவேளையில் அவள் கயிறு தாண்டும் கூட்டத்தின் நடுவில் இருந்தாள், பின்னல் அவிழ்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ, யார் செய்த வேலை இது என்ற கேள்விதான். விசாரித்தேன். பி.டி. மிஸ்ஸாம். அவர் பள்ளிக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. என்னைப் போல் படம் வரைந்த அட்டைகள் கிடையாது, குறிப்பேடு கிடையாது, கழுத்தில் ஒரு விசில் மட்டும். அன்று முதல் ஆசிரியர் அறையில் அவர் சிரித்தால் எனக்குக் காது கூசியது.

வியாழக்கிழமை வகுப்பில் அந்தப் பெண்ணிடம், என்ன சொல்லிச் சேர்ந்தாய் என்று கேட்டேன்.

"கயிறு சுத்தறவகிட்ட போய் 'நான் சுத்தறேன்'னு சொன்னேன் மிஸ்."

"அப்படியெல்லாம் உள்ள பூந்துடக் கூடாதும்மா. முதல்ல கேக்கணும். நாம பழகினது என்ன?"

குரலை இனிமையாகத்தான் வைத்துக்கொண்டேன். அவள் சொன்னதை அப்படியே செய்கிறவள். மறுநாள் ஒரு கை தூரம் தள்ளி நின்று கேட்டாள். ஆள் ஃபுல்லு. திங்கட்கிழமையும் அதுவே. அடுத்த நாள் அவள் மைதானத்துக்கே போகவில்லை, வகுப்பு மேசையில் தலை கவிழ்த்துப் படுத்திருந்தாள். அதைப் பார்த்தபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பி.டி. மிஸ் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். அவளுக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"பயிற்சியா? சுத்தறவளுக்குக் கை வலிச்சுது. 'நான் சுத்தறேன்'னு போய்ச் சொல்லுன்னேன், அவ்வளவுதான். ஏன் மிஸ், நாலு நாளா அவ கயிறு தாண்டறதைக் காணோமே?"

நான்தான் நிறுத்தினேன் என்று சொன்னேன். அவர் பம்பைக் கொஞ்சம் வேகமாக அடித்தார்.

அன்று மதிய இடைவேளை முழுக்க மைதானத்தில் நின்று பார்த்தேன். கயிற்றை இரண்டு பேர் சுழற்ற வேண்டும். தாண்டும்போது காலில் கயிறு தட்டிக்கொண்டவள் சுழற்றப் போவாள், இன்னொருத்தி தட்டிக்கொள்ளும்வரை அவளுக்கு விடுதலை இல்லை. வரிசையில் ஒரு ஆள் கூடினால் எல்லாருக்கும் முறை தள்ளிப்போகும். ஆக, "நானும் வரலாமா" என்பவள் ஒவ்வொருத்தியிடமிருந்தும் கொஞ்சம் பிடுங்குகிறாள். "நான் சுத்தறேன்" என்பவளோ ஒருத்தியை விடுவிக்கிறாள். அடுத்து யாராவது தட்டிக்கொண்டதும் இவளும் வரிசைக்குப் போய்விடலாம். இவளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை. இவ்வளவு எளிய விஷயம் அந்த விசில்காரருக்கு எப்படித் தோன்றியது என்று வயிறு எரிந்தது.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். நான் சொன்னது தப்பு, இனிமேல் கேட்கவே வேண்டாம் என்றேன்.

"அப்ப பி.டி. மிஸ் சொன்னதுதான் சரியா?"

"ஆமா. அவங்க சொன்னதுதான் சரி." சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது. "சுத்தறவகிட்ட போ. கையை நீட்டு. 'குடு, நான் சுத்தறேன்'னு சொல்லு."