சூர்யகலா திட்டிய நாற்காலி

நடிகர் தேர்வுக்காகக் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் கேமராவை நிறுத்தியிருந்தார்கள். பேரைக் கூப்பிட்டதும் சூர்யகலா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். இந்த வேடம் தனக்குத்தான் என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகமில்லை. மரக்காணத்து உப்பளத்தில் நடக்கிற கதையாம், டிவியில் வாரம் ஒருநாள் வரப்போகிற நகைச்சுவைத் தொடராம். அதில் உப்பு வாருகிற ஒருத்தி புருஷனைத் திட்டிக்கொண்டே குடும்பம் நடத்துகிறாள். இதற்கு வேறு யாரைத் தேடுவார்கள்?

நடிப்பு அவளுக்குப் புதிதில்லை. மகளிர் குழுவின் விழிப்புணர்வு நாடகங்களுக்காக ஊர் ஊராகப் போய் வந்தவள். பிரம்மதேசத்தில் டெங்குக் கொசுவாக வந்து கூட்டத்துக்குள் புகுந்து துரத்தியிருக்கிறாள். இடையஞ்சாவடியில் குடியால் கெட்டுப்போன ஈரலாக நடித்தபோது ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. கொசு, ஈரல், பிளாஸ்டிக் பை. சிரிக்க வைப்பவள் என்று பேர் வந்ததே தவிர, ஒரு தடவைகூட மனுஷியாக நடிக்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் இன்றைக்கு உப்பள வேலைக்குப் போகாமல் வந்திருந்தாள். துணைக்கு வந்த புருஷன் பக்கிரி, வாசலை ஒட்டிய கைகழுவும் தொட்டியோரம் நின்று செல்போனைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சீன் புரிஞ்சுதாக்கா?" என்றாள் டைரக்டர் சத்யப்ரியா. "சொல்லாம கொள்ளாம புருஷன் அவன் தங்கச்சிய வீட்டுக்குக் கூட்டியாந்துட்டான். நீங்க அவன வாங்கு வாங்குன்னு வாங்கணும். நம்ம அசிஸ்டென்ட் பரத்துதான் புருஷன்."

புரியாமல் என்ன? பக்கிரியின் தங்கை ஆராயி நிஜமாகவே வீட்டில் வந்து டேரா போட்டிருந்தாள். யாரோ கூரையைப் பிரித்துப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது.

சூர்யகலா பரத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்து வாயைத் திறந்தாள். உப்பளத்தில் சண்டை அப்படித்தான். மேஸ்திரி நிற்கும்போது குனிந்த தலையை நிமிர்த்த முடியாது. பக்கத்துப் பாத்திக்காரியை வைய வேண்டுமானால் கையிலிருக்கிற, உப்பு வாருகிற பலகையைத்தான் வைவார்கள். யாருக்குப் போய்ச் சேரவேண்டுமோ அவருக்கு அது சேர்ந்துவிடும். கல்யாணமானதிலிருந்து பக்கிரியையும் அவள் முகம் பார்த்துத் திட்டியதில்லை.

"அக்கா, புருஷன் இந்தப் பக்கம் இருக்கான். மூஞ்சியப் பாத்துத் திட்டுங்க."

பார்த்தாள். பரத்துக்குக் கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. சாப்பிட்டியாப்பா என்று கேட்கத்தான் தோன்றியது. மனப்பாடம் செய்த வசனம் மறந்தே போனது.

"பரவால்லக்கா. நாங்க ஃபோன் பண்றோம்."

"இருங்க மேடம்," என்றாள் சூர்யகலா. "ஒரே வாட்டி. எங்க பக்கம் திட்ற மாதிரி திட்டிக் காட்றேன். சிரிப்பு வரலன்னா நானே போயிடறேன்."

பதிலுக்குக் காத்திராமல் நாற்காலியிடம் குனிந்தாள். "உனக்கென்னப்பா, நாலு காலையும் பரப்பிக்கினு நிப்ப. வர்றவங்கள எல்லாம் மடியில குந்த வெச்சுக்குவ. ஆக்கிப் போட்றவள ஒரு வார்த்த கேட்டியா? ஒருத்தி பொட்டியத் தூக்கிக்கினு வந்து நிக்கிறா, நீ பல்லக் காட்டிக்கினு நிக்கிற."

"நான் எங்கடி கூப்ட்டேன்? அவளா வந்தா," என்று வாசல் பக்கமிருந்து குரல் வந்தது. பக்கிரி செல்போனிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

கூடம் திகைத்தது. சூர்யகலா திரும்பவே இல்லை. "அவளா வந்தா, பஸ் ஸ்டாண்டுல போயி பொட்டிய வாங்கனது யாரு? நீயா, உன் நாலாவது காலா?"

"பொட்டி கனமா இருந்துச்சுடி."

"இருக்காதா? பொங்கல் வரைக்குமான துணியாச்சே."

முதலில் சிரித்தது கேமராக்காரர். பரத் காகிதத்தால் முகத்தை மூடிக்கொண்டான். சத்தம் கேட்டு நிமிர்ந்த பக்கிரி, எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, "இது நாடகமா?" என்றான். அதற்கு இன்னொரு சிரிப்பு.

"நீங்களும் நடிக்கிறீங்களாண்ணே?" என்றாள் சத்யப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆள வுடுங்க மேடம்," என்று அவன் வெளியே போய்விட்டான்.

சத்யப்ரியா பேனாவைக் கன்னத்தில் தட்டினாள். "சிரிப்பு உங்களால வந்துதா, அவராலயான்னு தெரியலயேக்கா."

"அவருதான் வெளிய போயிட்டாரே. இப்ப பாருங்க."

மறுபடி நாற்காலியிடம் போனாள். ஒரு வார்த்தை வைதாள், நிறுத்தினாள். செல்போனைப் பார்த்துக்கொண்டே ஓர் ஆண்பிள்ளை முனகுவதற்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம், காதை மட்டும் சாய்த்து நின்றாள். கேட்டது பிடிக்காமல் உதட்டைச் சுழித்து அடுத்ததை வைதாள். பரத் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டான். அதற்கடுத்த முறை அவள் நிறுத்தியபோது யாரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலைகளும் நாற்காலிப் பக்கம் திரும்பியிருந்தன. கேமராக்காரர் அவள் முகத்திலிருந்து கேமராவை மெல்ல நகர்த்தி, அதன் பதிலைப் பிடிப்பதற்காக, அந்தக் காலி நாற்காலியின்மேல் நிறுத்தினார்.